ஆங்கிலத்தில் ஒரு பெயர்

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம் பயிலும் மாணவரிடையே அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. சாந்தி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது எவ்வாறு? ஒருவர் முதலில் 'எஸ்' மட்டும் இடுவார். மற்றொருவர் அதனோடு 'எச்' சேர்ப்பார். ஈற்றில் ஒருவருக்கு 'ஐ', மற்றவருக்கு 'வை'. இவற்றுள் பிழையானது எது?

எதுவும் பிழையன்று. அகராதி ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்கூட்டலை வரையறுக்கும்; ஆட்பெயருக்கு அத்தகைய வரையறை இல்லை. நாடகப் பெருங்கவி ஷேக்ஸ்பியரின் கையொப்பங்கள் ஆறு இன்றும் உள்ளன. அவற்றிலும் பெயர் ஒரே வகையாக எழுதப்படவில்லை.

குழப்பத்தின் காரணம் இரு மொழிகளின் இயல்பிலேயே உள்ளது. தோட்டத்தார் நன்கறிந்த 'கங்காணி' என்னும் சொல்லை நோக்குக. தமிழில் இரு இடத்தும் ககர வரிசை எழுத்தே நிற்கிறது, ஒலியோ வேறு. ஆங்கிலம் முன்னதற்குக் 'கே' எழுத்தையும், பின்னதற்கு 'ஜி' எழுத்தையும் கொள்ளும். அச்சொல்லின் ஈற்றை ஆங்கில நூலார் சிலர் 'ஐ' என்றும், சிலர் 'வை' என்றும் எழுதினர். ஒலியை எழுத்தாக்குவதில் வழிகள் பல என்பது இதனாற் புலனாகும்.

எனின், எப்படியும் எழுதலாமோ? அன்று. மொழியில் பிழையற்றது, பத்திரத்தில் இடராகலாம். பரீட்சைச் சான்றிதழில் ஒரு வடிவமும் கடவுச்சீட்டில் வேறொரு வடிவமும் இருப்பின், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் காட்டவேண்டி நேரும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை பத்திரங்களோடு அலைந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு, ஒரு தாளின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும்போது, பெயரின் ஆங்கில வடிவம் பல வேளைகளில் பாடசாலையிலேயே முதன்முதல் எழுதப்படுகிறது. ஆதலின் ஆசிரியர் பெற்றோரை உசாவி, முன்னைய பத்திரங்களையும் பார்த்து எழுதுதல் வேண்டும். ஒருமுறை நிலைபெற்ற வடிவத்தை, அழகுக்காகவோ 'திருத்தம்' என்று கருதியோ பின்னர் மாற்றலாகாது. மாணவரும் தம் பெயரின் ஆங்கில எழுத்துக்களைப் பாராது சொல்லப் பழகுதல் நலம்.

பெயருக்குச் சரியான எழுத்துக்கூட்டல் எது என்பார்க்கு விடை இதுவே: எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக நிற்பதே சரியானது.