கச்சான் அடிக்கும் சுவரும் ஏசி பெட்டியும்

நாகர்கோவில் பக்கம் வீட்டுக்குப் பிளான் போடும்போது படுக்கையறையில் ஏசி பாயிண்ட் குறிக்க யாரும் மறப்பதில்லை. அவுட்டோர் பெட்டி எங்கே நிற்கும் என்ற பேச்சு பெரும்பாலும் பால்காய்ப்பெல்லாம் முடிந்து, மெக்கானிக் ஏணியோடு வந்து நிற்கும்போதுதான் எழுகிறது. "முன்பக்கம் வேண்டாம், பார்க்க நல்லா இருக்காது" என்று வீட்டுக்காரர் சொல்ல, இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவிலுள்ள சந்துக்குள் பெட்டி போய்விடுகிறது.

ஏசி செய்வதெல்லாம் அறைக்குள் இருக்கும் சூட்டை வெளியே இறைப்பதுதான். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் சூடாகி அதோடு சேரும். ஆறு இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் எரிந்தால் வருகிற சூடு, அந்தச் சந்துக்குள் கொட்டுகிறது. வெளியேற வழியில்லாத காற்றையே பெட்டி திரும்ப இழுக்கும். அறை குளிராது, மீட்டர் ஓடும். கோட்டாறு, வடசேரித் தெருக்களைப் போல நெருக்கமான இடங்களில் எதிரே பக்கத்து வீட்டு ஜன்னல் வேறு இருக்கும். அங்கே மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், வைப்பதே நல்லது. காப்பர் குழாய் நீளும், செலவு கூடும். இருந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன். வெயில் படுமே என்று பயந்து சுற்றிலும் தகரம் அடிக்க வேண்டாம். நிழலால் வரும் லாபம் சொற்பம். காற்று அடைபட்டால் நஷ்டம் பெரிது.

கடலோரக் கதை வேறு. முட்டம், குளச்சல், மணக்குடிப் பக்கம் கச்சான் என்கிற மேல்காற்று உப்பைச் சுமந்துகொண்டு வரும். அவுட்டோரின் காயில் என்பது காப்பர் குழாயில் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள். உப்பு ஈரத்தில் இந்த இரண்டு உலோகங்களும் ஒட்டி நின்றால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். தகடு உதிர்ந்துவிட்டால் கம்ப்ரசர் என்னதான் முக்கினாலும் சூடு வெளியேறாது. புளூ ஃபின், கோல்டு ஃபின் என்று பூச்சுள்ள காயில்கள் கிடைக்கின்றன. அவை அரிப்பைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. எனவே கடல் பார்த்த சுவரை விட்டுவிட்டு, வீடே மறைப்பாக நிற்கும் எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். ஸ்டாண்டும் போல்ட்டும் சாதா இரும்பாக இருந்தால் காயிலுக்கு முன்னால் அவை துருப்பிடித்துவிடும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள்.

ஒன்றைப் பலரும் யோசிப்பதில்லை. சன்ஷேடுக்கு அடியில் பத்திரமாக இருக்கிற பெட்டியில்தான் உப்பு அதிகம் படியும். மழை பட்டால் உப்பு கழுவிப் போகும். மழை படாத இடத்தில் நாம்தான் கழுவ வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை காயில்மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும். ஆனால் கரையோரத்தில் போர் தண்ணீரே கரிக்கும் வீடுகள் உண்டு. அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பைக் கழுவ உப்பு தடவுகிற வேலை. இதற்குக் குடிநீர்தான் வேண்டும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் உப்புக் கவலை குறைவு. அங்கே பிரச்சினை காற்றேதான். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே மேல்காற்று அவுட்டோரின் வாய்க்கு நேராக அடித்தால், உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் அதை எதிர்த்துத் தள்ளித் திணறும். காற்றின் போக்குக்குக் குறுக்காக, வடக்கையோ தெற்கையோ பார்க்கும்படி திருப்பி வைத்தால் தீர்ந்தது. மட்டுப்பாவில் வைப்பவர்கள் நாலு காலையும் போல்ட் போட்டு இறுக்கட்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் என்னவெல்லாம் பிடுங்கி எறிந்தது என்று பார்த்திருக்கிறோம்.

குலசேகரம் பக்கம் ரப்பர்ச் சருகு காயிலை அடைக்கும். அவ்வப்போது பொறுக்கிப் போட்டால் போதும். தென்னை விளைக்குள் வீடு உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய் விழுகிற இடத்தில் நாம் கட்டில் போட மாட்டோம், பெட்டியையும் வைக்கக் கூடாது.

இன்னொன்று, மெக்கானிக்கின் கால். இரண்டாம் மாடிச் சுவரில் அந்தரத்தில் தொங்கும் பெட்டிக்குச் சர்வீஸ் செய்ய வருகிறவர், ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே போட்டுத்தான் ஸ்குரூவைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பால்கனியிலோ மட்டுப்பாவிலோ அவர் இரண்டு காலையும் ஊன்றி நிற்க இடமிருந்தால், காயிலையும் ஒழுங்காகக் கழுவிவிட்டுப் போவார்.