அறுவடைக்கு முன்பே பதிவிடுங்கள்!

எக்ஸ் (பழைய ட்விட்டர்), திரெட்ஸ் போன்ற குறும்பதிவுத் தளங்களில் விளைபொருளை விற்க முடியுமா என்று இளம் விவசாயிகள் பலர் கேட்கின்றனர். முடியும். ஆனால் எப்போது, எவ்வளவுக்குப் பதிவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே லாபமும் நஷ்டமும் அமையும்.

2020 ஏப்ரல் ஊரடங்கில், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த விவசாய சங்க நிர்வாகி கண்ணையன் சுப்பிரமணியம், விற்க வழியின்றித் தோட்டத்தில் நின்ற முட்டைக்கோஸ் பற்றி ட்விட்டரில் பதிவிட்டார். அது வேகமாகப் பரவியது. பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா அதை வாங்கித் தன் தொகுதி மக்களுக்கு வழங்க ஏற்பாடு செய்தார். நாடே முடங்கிய நேரத்தில் கிடைத்த உதவி அது. சாதாரண நாளில் அதை எதிர்பார்த்து அறுவடை செய்யக் கூடாது.

கறிவேப்பிலைக்கு ஏற்ற வழி

காரமடை வட்டாரத்தின் கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். பறித்த தழை வெயில் பட்டால் சில மணி நேரத்தில் வாடும். பறித்துக் கட்டிய பிறகு வாடிக்கையாளரைத் தேடினால், கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அதனால் பறிப்புக்கு ஒரு வாரம் முன்பே பதிவிடுங்கள். ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் தனியாகப் பறியுங்கள். மீதியை வழக்கமான வியாபாரிக்கே கொடுங்கள். முதல் ஆண்டில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நேரடி விற்பனைக்கு ஒதுக்க வேண்டாம்.

பதிவில் என்ன எழுதுவது?

எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்துகள்தான் அனுமதி. தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியே கணக்காவதால் சுமார் 30 சொற்களில் முடிக்க வேண்டும். ரகம், ஊர், பறிக்கும் நாள், இருக்கும் அளவு, விலை, மருந்து கடைசியாகத் தெளித்த நாள் ஆகிய ஆறும் இருந்தால் போதும். படத்தை உங்கள் தோட்டத்திலேயே காலை வெளிச்சத்தில் எடுங்கள். இணையத்தில் எடுத்த படம் ஒருமுறை தெரிந்துவிட்டால் அதன்பின் யாரும் நம்ப மாட்டார்கள்.

மருந்து தெளித்த நாளைச் சொல்லத் தயங்காதீர்கள். கறிவேப்பிலையில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் எழுந்த புகார்களால் நமக்கு ஏற்பட்ட சந்தை இழப்பு சிறிதல்ல. மருந்துப் புட்டியில் குறிப்பிட்ட காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே பறியுங்கள். சான்று இல்லாமல் 'இயற்கை விளைபொருள்' என்று எழுதாதீர்கள். அதற்குப் பி.ஜி.எஸ். அல்லது அங்ககச் சான்று வேண்டும்.

பொடிக்கு உரிமம்

நகரில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் கட்டுக்கட்டாகத் தழை வாங்குவதில்லை. 100 கிராம் பொட்டலப் பொடி அவர்களுக்குப் பொருந்தும். தழையைக் கழுவி, நிழலில் உலர்த்தி அரைத்தால் பச்சை நிறம் மங்காது. பொடியாக்கி விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணையும் தயாரித்த நாளையும் பொட்டலத்தில் அச்சிடுவது அவசியம்.

விலை சொல்லும் முன் பறிப்புக் கூலி, பொட்டலம், கூரியர், வழியில் வீணாகும் பங்கு ஆகியவற்றைக் கூட்டுங்கள். இவை போக மிஞ்சுவது வியாபாரி தோட்டத்தில் தரும் விலையைவிடக் குறைவாக இருந்தால், எத்தனை பேர் லைக் போட்டாலும் அது நஷ்டமே.

பணத்தில் கவனம்

பணம் பெற பின் எண்ணோ, ஓ.டி.பி.யோ தேவையில்லை. 'பணம் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்று யாராவது சொன்னால் அது மோசடி. ஏமாந்தால் உடனே 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். புதிய வாடிக்கையாளரிடம் பணம் வந்த பின்பே சரக்கை அனுப்புங்கள்.

மதிப்புக் கூட்டல் பற்றிய ஆலோசனைக்குக் காரமடை வட்டாரம் விவேகானந்தபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். அடுத்த பறிப்புக்கு நாள் குறித்தவர்கள், இன்று மாலையே தோட்டத்துக்குப் போய் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டு வாருங்கள். அதன்பின் முதல் பதிவைப் போடலாம்.