கொம்பு முளைத்த ‘மெட்ராஸ் ஐ’

கண் சிவந்து, பீளை கட்டி, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் ‘மெட்ராஸ் ஐ’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதையே டாக்டர் சீட்டில் ‘கெரட்டோகன்ஜங்டிவைட்டிஸ்’ என்று பார்த்தால் நாக்கு பாதியில் மடங்கிவிடுகிறது.

ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். கெரட்டோ; சற்று நிறுத்தி, கன்ஜங்டி; பிறகு வைட்டிஸ். அழுத்தம் ‘வை’யில் விழட்டும்.

பொருளை வாலிலிருந்து பிடிப்பதே சுலபம். டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸில் வரும் அதே ‘ஐட்டிஸ்’: அழற்சி. நடுவில் இருப்பது கன்ஜங்டைவா. கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்துப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாகத் தெரியும் சவ்வு அதுதான். இமையின் உட்புறத்தில் தொடங்கி, மடிந்து, விழியின் வெள்ளைப் பகுதி மேலும் படர்கிறது. இரண்டையும் இணைப்பதால் லத்தீனில் அந்தப் பெயர். நம் ‘இமையிணைப்படலம்’ அதைவிடத் தெளிவு என்பேன்.

தலையில் இருக்கும் ‘கெரட்டோ’வுக்குக் கிரேக்கத்தில் கொம்பு என்று பொருள். ரைனோசெரஸின் ‘செரஸ்’, நகத்திலுள்ள கெரட்டின் எல்லாம் ஒரே குடும்பம். கண்ணில் கொம்பு ஏது? மாட்டுக்கொம்பை மெல்லியதாகச் சீவினால் வெளிச்சம் ஊடுருவும். ஐரோப்பாவில் அதை லாந்தருக்குக் கண்ணாடியாகவே பொருத்தியிருக்கிறார்கள். விழியின் முன்புறம் ஒளியை உள்ளே விடும் கார்னியாவும் அப்படியொரு தகடாகத் தோன்றியிருக்கிறது. அரை மில்லிமீட்டர் கனம்தான். ரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை.

ஆக, இந்தக் ‘கொம்பு’ சேர்ந்தால் அழற்சி சவ்வோடு நிற்காமல் கார்னியாவையும் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வெளிச்சம் பட்டால் கண் கூசும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும், பார்வை மங்கும்.

அடினோ வைரஸால் வரும் வகை 1941-ல் ஹவாயிலும், அடுத்த ஆண்டு அமெரிக்க மேற்குக் கரைக் கப்பல் கட்டும் தளங்களிலும் பரவியது. இரும்புத் தூசு விழுந்த கண்ணோடு சிகிச்சைக்கு வந்த தொழிலாளர்களுக்கு, அங்கே தொட்ட கைகளும் கருவிகளுமே நோயை ஒட்டிவிட்டன. அதனால் நோய்க்கு வந்த பெயர் ‘ஷிப்யார்ட் ஐ’.

சிவப்பு வடிந்த பிறகும் டாக்டர் மறுபடி வரச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். சவ்வு தேறிவிட்டிருக்கும், கார்னியாவில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் பூப்பது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். சிலருக்கு அவை மறைய மாதக்கணக்காகும்.