குடியாதவரின் ஈரல் நோய்

ஈரல் நோய் என்றதும் மதுப் பழக்கத்தையே நினைப்பது எம்மவர் வழக்கமாகிவிட்டது. எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், தமிழர் இல்லத்திலாயினும் முஸ்லிம் இல்லத்திலாயினும், மதுவைத் தொட்டறியாத ஒருவருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக வைத்தியர் கூறினால், நோயை விட அயலாரின் சந்தேகமே அவரை அதிகம் வாட்டுகின்றது. அதற்கு அஞ்சி நோயை மறைப்போரும் உளர்.

இச்சந்தேகம் அடிப்படையற்றது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007 ஆம் ஆண்டில் றாகமையில் 35 முதல் 64 வயது வரையானோரிடையே நடத்திய ஆய்வில், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மதுவுடன் தொடர்பற்ற கொழுப்பு ஈரல் காணப்பட்டது. உடற்பருமனும் நீரிழிவும் உள்ள எந்த ஊரும் இதற்கு விலக்கன்று, வாவிக்கரையும் அவ்வாறே.

கொழுப்புப் படிந்த எல்லோரது ஈரலும் கெட்டுவிடுவதில்லை. சிலரில் மட்டுமே அது அழற்சியாகி, தழும்பேறி, ஈற்றில் ஈரல் சுருங்கும் நிலையை அடைகின்றது. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களுள் ஒன்றாக விஞ்ஞானிகள் ஆராய்வது ‘ஒட்டோபஜி’ எனப்படும் தன்னுண்ணலாகும். கலமொன்று தன்னுள் பழுதடைந்த பாகங்களைத் தானே சிதைத்து மீளப் பயன்படுத்துவதே இது. இதனை இயக்கும் மரபணுக்களை மதுவத்தில் கண்டறிந்த யப்பானியப் பேராசிரியர் யொஷினோரி ஓசுமி 2016 இல் நோபல் பரிசு பெற்றார்.

ஈரலில் குப்பர் கலங்கள் என்னும் நிர்ப்பீடனக் கலங்கள் உள்ளன. குடலிலிருந்து குருதியுடன் வரும் கிருமிகளை அவை விழுங்கி அழிக்கின்றன. இக்காவலரின் உள்வீட்டுத் துப்புரவு சீராக நடைபெறும்வரை அழற்சி கட்டுக்குள் இருக்கும். கழிவு தேங்கினால் அவையே அழற்சிப் பதார்த்தங்களை மிகையாகச் சுரக்கின்றன. இத்தகைய கலங்களில் தன்னுண்ணல் தடுக்கப்பட்ட சுண்டெலிகளில் ஈரல் அழற்சியும் தழும்பும் அதிகரித்தன.

அவ்வாறாயின் தன்னுண்ணலைத் தூண்டினால் போதாதா? விடயம் அத்துணை எளிதன்று. தழும்பை உண்டாக்கும் வேறு ஈரற் கலங்களுக்கும் இதே செயற்பாடு சக்தியூட்டுகின்றது. பட்டினி தன்னுண்ணலைத் தூண்டும் என்பது உண்மையே. ஆயினும் நோன்போ விரதமோ ஈரல் நோயைக் குணமாக்கும் என்பதற்கு அது சான்றாகாது. நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் வைத்திய ஆலோசனையின்றி உணவைத் தவிர்ப்பது ஆபத்தாகவும் முடியலாம்.

நிரூபணமான வழி வேறு. பருமனானோர் உடல் நிறையில் 7 முதல் 10 சதவீதத்தைப் படிப்படியாகக் குறைத்தால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் குறைகின்றன. சீனியையும் மென்பானங்களையும் குறைப்பதும் நாளாந்தம் நடப்பதும் இதற்குத் துணைபுரியும்.

நோயாளியின் ஒழுக்கத்தை விசாரிப்பதை விடுத்து, அவரைக் காலத்துடன் வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பதே இரு சமூகத்தாரும் செய்யவேண்டிய உதவியாகும்.