பெக்சின்ஸ்கியின் வெளிச்சம்

எலும்பும் நரம்புமாக இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. யார் கை எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. போலந்து ஓவியர் ஸ்ஜிஸ்வாவ் பெக்சின்ஸ்கியின் இந்தப் படத்தை நீட்டினால் பலரும் ‘ஐயோ, பேய்ப்படம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டீ ஆறினாலும் பரவாயில்லை, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். உருவங்களை விடுங்கள். அவற்றைச் சுற்றியிருக்கும் வெளிச்சம் எப்படி இருக்கிறது?

இதமாக இருக்கிறது, இல்லையா? சாயங்கால வெயில் புழுதியில் ஊறி வந்தது மாதிரி. இந்த மனிதர் மேல் எனக்குள்ள மரியாதை அங்கேதான் தொடங்குகிறது. கோரமானதை வரைய யாராலும் முடியும். அதன் மேல் இவ்வளவு அக்கறையாக வெயிலைப் படரவிட எல்லோராலும் முடியாது. அருகில் இருப்பதை அழுத்தமாகத் தீட்டி, தூரம் போகப் போக நிறத்தை வெளுக்கவிடுகிறார். நடுவில் மூட்டம். கண் தானாக உள்ளே நடந்து போய்விடும். போன பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியும்.

அவர் கிராகோவில் கட்டடக்கலை படித்தவர். பிறகு சொந்த ஊரான சானோக்கில், பேருந்துத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளர் வேலை. நூலும் எலும்பும் பின்னி எழுப்பியது போன்ற தேவாலயங்களை வரைந்திருக்கிறார். நிஜத்தில் நிற்கவே முடியாத கட்டடங்கள்தான். ஆனால் வளைவுகளையும் தூண்களையும் பாருங்கள், பாரம் எங்கே இறங்குகிறது என்று கணக்குப் போட்டு வைத்தது போலிருக்கும். அந்தக் கணக்கு இல்லையென்றால் நமக்குப் பயம் வராது, சிரிப்புத்தான் வரும். பெரும்பாலும் துணித்திரையில் வரையாமல் ஹார்ட்போர்டில் எண்ணெய் வண்ணம் தீட்டினார். துணியின் இழை குறுக்கே வராத வழவழப்பான பரப்பு, நுணுக்கமான வேலைக்கு வசதி.

‘இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும். அவர் படங்களுக்குப் பெயரே வைக்கவில்லை. அர்த்தம் கேட்டு வந்தவர்களுக்குப் பிடி கொடுக்கவும் இல்லை. 1929இல் பிறந்தவர், போர் வந்தபோது வயது பத்து. ஜெர்மானியர் பிடியில் இருந்த சானோக்கின் யூதர்கள் ஏறக்குறைய அழித்தொழிக்கப்பட்டார்கள். படங்களில் ராணுவத் தலைக்கவசங்கள் தென்படுவதும் உண்மை. அதற்காக ஒவ்வொரு மண்டையோட்டையும் போர் என்றே படித்துவிடுவது சோம்பேறித்தனம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சோம்பேறித்தனம், அவர் வாழ்க்கையின் முடிவை எடுத்துப் படங்களின் மேல் ஒட்டுவது. மனைவி 1998இல் இறந்தார். அடுத்த ஆண்டு மகன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2005 பிப்ரவரியில், கடன் தர மறுத்ததற்காக, பழக்கமான ஓர் இளைஞனால் வார்சாவில் தன் வீட்டிலேயே கத்திக்குத்துப்பட்டு இறந்தார் பெக்சின்ஸ்கி. ‘அதனால்தான் அப்படி வரைந்தார்’ என்கிறார்கள். ஆண்டுகளைப் பாருங்கள்: பேர் வாங்கித் தந்த அந்த இருண்ட படங்கள் 1960களின் நடுவிலிருந்து 1980களின் நடுவரை வந்தவை. துயரமெல்லாம் பின்னால்தான். ஆளும் சிடுமூஞ்சி இல்லையாம். கூச்சமும் வேடிக்கைப் பேச்சுமாக இருந்தவர், இசையை அலறவிட்டுக்கொண்டு வரைந்தவர். 1977இல் வார்சாவுக்குக் குடிபோகும் முன் தன் படைப்புகளில் சிலவற்றை வீட்டுக் கொல்லையில் போட்டுக் கொளுத்தியும்விட்டார். திருப்தி தராதவை சில, மிகவும் அந்தரங்கமானவை சில.

கடைசிக் காலத்தில் கணினியில் செய்த படங்கள் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. தூரிகை கொண்டுவந்த மூட்டம் அவற்றில் இல்லை. படைப்புகளை சானோக் அருங்காட்சியகத்துக்கே எழுதிவைத்துவிட்டதால், பெரிய தொகுப்பு அங்குள்ள கோட்டையில் இருக்கிறது. போலந்து போக முடியாதவர்கள் கைபேசியில் பார்த்தால் கரிக்கட்டி மாதிரிதான் தெரியும். பெரிய திரையில் போட்டு, நடுவில் உள்ள உருவத்தை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு மூலையிலிருந்து ஆரம்பியுங்கள்.