உப்பு போன இடம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு நான் கணக்கெழுதிய காலத்தில், என் நோட்டில் பெரிய செலவுகள் இரண்டு: லாரித் தண்ணீர், உப்பு. சுற்றுவட்டக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வரும். டிரைவர் நீட்டும் துண்டுச்சீட்டைக் கம்பியில் குத்திவைத்து, சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு முன் கூட்டிப்பார்ப்போம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வந்த உப்புக்குக் கணக்கு இருந்தது. அது எங்கே போகிறது என்பதற்கு எந்தப் பட்டறையிலும் நோட்டு கிடையாது.

தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஊர் கண்ட வழி அன்று நாட்டுக்கே புதிது. தமிழ்நாடு அரசும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிதி நிறுவனமும் சேர்ந்து 1995இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தை ஏற்படுத்தின. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஊருக்குள் இதை மூன்றாம் குடிநீர்த் திட்டம் என்போம். பட்டறைகள் தண்ணீருக்கு வீடுகளைவிடப் பல மடங்கு விலை கொடுத்தன. அந்த வருமானத்தை நம்பித்தான் வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் மலிவாகத் தர முடிந்தது. தொழிலும் அரசும் கைகோத்தால் சாமானியனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் உள்ளே வரும் தண்ணீருக்கு இத்தனை பேர் கூடிப் பேசிய ஊரில், வெளியே போகும் தண்ணீருக்கு அப்படியொரு பேச்சு நடக்கவில்லை. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப்போனது; கீழே உள்ள கிணறுகள் உப்பேறின. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். பல வருடம் இழுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாதபடி சுத்திகரித்தால்தான் திறக்கலாம். மாதக்கணக்கில் வேலையில்லாமல் குடும்பங்கள் சொந்த ஊர் திரும்பின.

உப்புதான் சிக்கலின் முடிச்சு. நிறத்தையும் மற்ற அழுக்கையும் நுண்ணுயிர்களாலும் ரசாயனத்தாலும் நீக்கிவிடலாம். கரைந்த உப்பு அதற்கெல்லாம் அசையாது. ஆர்.ஓ. சவ்வில் அழுத்தினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும். கெட்டியான உப்புநீர் மறுபக்கம் தேங்கும். அதைக் காய்ச்சி வற்றவைக்கக் கரண்டும் விறகும் ஏராளமாகச் செலவாகும். அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு வழி பார்த்தார்கள்: அந்த உப்புநீரையே சுத்தப்படுத்தி மறுபடி சாயத் தொட்டிக்கு அனுப்புவது. பட்டறைக்கு எப்படியும் உப்பு வேண்டுமே! மாநில அரசு பொது நிலையங்களுக்கு வட்டியில்லாமல் 200 கோடி ரூபாய் கடன் ஒதுக்கியது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இதில் இன்னொரு பாடு. பட்டறைகள் பயன்படுத்திய தண்ணீரையே திரும்ப எடுத்துக்கொண்டதால் பவானித் தண்ணீருக்குத் தேவை குறைந்தது. அதை விற்றுக் கடன் அடைக்கவேண்டிய கழகம் திணறியது. ஆற்றுக்கு நல்லது நடந்தபோது குழாயின் வரவு சுருங்கியது. இரண்டையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் தண்ணீர் விலையையே வேறு மாதிரி போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு இன்னும் மூட்டைகளாகச் சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. அதை என்ன செய்வது, செலவை யார் ஏற்பது என்று அரசும் தொழில் சங்கங்களும் பேசும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நொய்யல் விவசாயிகளையும் கீழ்க்கரை ஊராட்சித் தலைவர்களையும் அழைக்கவேண்டும். கோர்ட் சொல்லும்வரை காத்திருக்கக்கூடாது.