தாய் சொல்லத் தயங்குவதைக் கணினி சொல்லலாமா?

வளர்ந்த மகளிடம் பேசத் தாய்மார் தயங்கும் விடயங்கள் சில உண்டு. "கலியாணம் முடிஞ்சால் தானாய்த் தெரியவரும்" என்று விட்டுவிடுகிறோம். இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல.

மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிற் பல கத்தோலிக்கக் குடும்பங்கள். கலிபோர்னியாவின் வயல்களில் பழமும் மரக்கறியும் பறிப்போர் பெரும்பாலும் இம்மக்களே. குடும்பப் பாசம் மிக்கவர்கள். ஆயினும் பல வீடுகளில் உடலைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. 1991இல் 15 முதல் 19 வயது வரையான இவர்களது பெண்பிள்ளைகள் 1000 பேருக்கு 100க்கும் மேற்பட்ட பிரசவங்கள் நிகழ்ந்தன. 2020இல் அது 24க்கும் கீழே இறங்கியது. எனினும் அங்குள்ள வெள்ளையினப் பிள்ளைகளின் வீதத்திலும் இது இருமடங்கு. படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

கணினியில் பாடம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் 7ஆம், 8ஆம் வகுப்பு மாணவருக்கு வகுப்பறையிலும் கணினியிலுமாகப் பாடங்கள் நடத்தப்பட்டன. அவற்றின் சாரம் மூன்று: தனக்கென ஒரு வரம்பைத் தீர்மானித்தல், அதற்கு ஆபத்து வரும் சூழ்நிலையை முன்கூட்டியே இனங்காணல், தன்னைக் காத்துக்கொள்ளல். பெற்றோருடன் பேசிச் செய்யும் வீட்டுவேலையும் கொடுக்கப்பட்டது. 2010இல் வெளியான ஆய்வின்படி, 9ஆம் வகுப்பை அடைந்தபோது, பாடம் பெறாதவர்களில் 100க்கு 30 பேர் பாலுறவில் ஈடுபட்டிருந்தனர்; பெற்றவர்களில் 23 பேர்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பாடசாலைச் சிகிச்சை நிலையங்களில் இன்னொரு முறை பரீட்சிக்கப்பட்டது. வைத்தியரைக் காணுமுன், பெண்பிள்ளை ஆங்கிலத்திலோ ஸ்பானிய மொழியிலோ சிறு கணினியில் தனியே கேள்விகளுக்கு விடையளிப்பாள். கருத்தடை முறைகளையும் அறிந்துகொள்வாள். கருத்தடை பற்றித் திருச்சபையின் போதனை வேறு. ஆனால் வெட்கத்தால் வாய் திறவாத பிள்ளைக்கு அங்கே கேட்க ஒரு வழி திறந்தது என்பதை நாம் மறுக்க முடியாது.

நமக்கு

இரண்டு முறைகளிலும் கணினி தனித்து நிற்கவில்லை. ஒன்றில் ஆசிரியரும் பெற்றோரும், மற்றதில் வைத்தியரும் இருந்தனர். இடம்பெயர்ந்து ஒற்றை அறையில் வாழும் நம் பிள்ளைகளின் கையிலும் இன்று தொலைபேசி உண்டு. அது நல்லதும் சொல்லும், கெட்டதும் சொல்லும். நாம் மௌனமாயிருந்தால் அதுவே ஆசானாகிவிடும்.

மாதர் சங்கத்திற் கலந்துரையாட:

1. நம் மகள் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாள்?
2. குடும்பநல உத்தியோகத்தரை அழைத்து, தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு நடத்தலாமா?
3. மகன்மாருக்கு யார் சொல்வது?